வைத்தியசாலைக்கும் மலர்ச்சாலைக்கும் இடையில்

கொழும்பில் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் வழியும் மயானத்துக்குக் கொண்டு செல்லும் வழியும் ஏறக்குறைய ஒன்றே. லிப்டன் சுற்றுவட்டத்திலிருந்து வார்ட் பிளேஸ் வழியாகப் பொரளைச் சந்திக்கு வந்து, டீ.எஸ். சேனாநாயக்க மாவத்தையில் திரும்பினால் கனத்தை. முழுத்தூரமும் மூன்று கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். மலர்ச்சாலைகளும் இந்தப் பக்கத்திலேயே இருப்பதால், முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் உழன்ற என்னைப் போன்றவர்களுக்கு இது நன்கு பழகிய பாதை. விபத்துச் செய்தி ஒரு முனையில் தொடங்கும். மரண அறிவித்தல் மறு முனையில் முடியும்.

இப்பாதையின் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போனால் கொழும்பின் தர்ம காரியங்களின் வரலாற்றில் பாதி கிடைத்துவிடும். 1864இல் பொது வைத்தியசாலை தோன்றியது. 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற பெருஞ்செல்வர் பிரசவ இல்லமொன்றைக் கொடுத்தார். இன்றைய டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை அதுவே. விக்டோரியா மகாராணி 1901இல் காலமான பின் அவர் நினைவாக 1903இல் கண் வைத்தியசாலைக்கு அடிக்கல் நாட்டினர். சிவப்பும் வெள்ளையுமாக அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. சற்றுத் தள்ளி, ஆளுநர் ரிட்ஜ்வேயின் மனைவி பெயரைத் தாங்கிய சிறுவர் வைத்தியசாலை. பிறப்பதற்கு ஓரிடம், பிள்ளை நோயுற்றால் ஓரிடம், கண் மங்கினால் ஓரிடம், கடைசியில் கனத்தை. இனிக் குணப்படுத்த இயலாது என்று வைத்தியர் கைவிரித்த பின், கனத்தைக்குப் போகும் வரையுள்ள வாரங்களையோ மாதங்களையோ ஒரு மனிதன் எங்கே கழிப்பது? அதற்கென ஒரு வீட்டை அந்தப் பாதையில் நான் கண்டதில்லை.

டி சொய்சா பிறப்புக்கு வீடு கொடுத்த அதே 1879ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் கத்தோலிக்கக் கன்னியர் இறப்புக்கு ஒரு வீடு திறந்தனர். 'அவர் லேடிஸ் ஹொஸ்பிஸ்' என்பது அதன் பெயர். ஹொஸ்பிஸ் என்றால் ஆதியில் யாத்திரிகர் தங்கும் மடம். நமது சொல்லில் அன்னசத்திரம், தர்ம சத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று நாம் அதை 'அந்திமகாலப் பராமரிப்பு நிலையம்' என்று மொழிபெயர்க்கிறோம். சொல் சரியானதுதான், ஆனால் சத்திரத்தில் இருந்த ஆறுதல் அதில் இல்லை.

இந்த விடயத்தை இப்போது நான் எழுதுவதற்கு லண்டனிலிருந்து வந்த மின்னஞ்சலொன்றே காரணம். அங்கே குடியேறிவிட்ட பழைய சக பத்திரிகையாளர் ஒருவர், தமது பகுதியிலுள்ள ஹொஸ்பிஸ் ஒன்றுக்காக இணையத்தில் தர்ம ஏலம் நடத்தும் குழுவில் இருக்கிறார். கையொப்பமிட்ட துடுப்பு மட்டைகள், ஓவியங்கள், பழைய கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. "உமது பக்கத்துப் பொருள் ஏதாவது ஒன்று அனுப்பும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அதன் வரலாற்றை நான்கு வரியில் எழுதித் தந்தால் போதும்" என்று கேட்டிருந்தார். என் வீட்டில் விலைபோகக்கூடிய பொருளென்று அதிகம் இல்லை. அலுமாரியின் அடித்தட்டில் பெரியப்பாவின் பாக்குவெட்டி இருந்தது.

பெரியப்பாவுக்கு வாயில் புற்றுநோய். ஐம்பது வருடம் வெற்றிலை போட்டவர். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்திருந்தது. அதை அவரிடம் சொல்லிப் பயனில்லாத கட்டத்திலேயே 2007இன் தொடக்கத்தில் அவர் கொழும்புக்கு வந்தார். வந்தார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் அனுமதிக்காக வாரக்கணக்கில் காத்திருந்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். கஞ்சியைத் தவிர வேறெதையும் விழுங்க இயலாத ஒருவருக்கு அது எப்படிப்பட்ட பயணம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நான் அப்போது ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். பொலிஸ் பதிவில் இன்னொரு யாழ்ப்பாணத்துப் பெயரைச் சேர்க்க வீட்டுக்காரர் விரும்பவில்லை. ஆகவே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை.

இரண்டு மாதச் சிகிச்சைக்குப் பின் வைத்தியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றார். நல்ல மனிதர், வேறு சொல்வதற்கு அவரிடமும் ஒன்றுமில்லை. ஆனால் வீடு பாதை மூடிய ஊரில் இருந்தது. லொட்ஜ் முகாமையாளருக்கோ அறையில் மரணம் நிகழ்ந்தால் விசாரணை வருமே என்ற பயம். பெரியம்மா இரவில் அவர் முனகல் வெளியே கேட்காதபடி வானொலியைச் சற்று உரத்து வைப்பார். வலிக்குக் கொடுத்த மாத்திரை நான்கு மணிநேரம் தாங்காது. அடுத்த மாத்திரைக்கோ ஆறு மணிநேரம் இருக்கும். மே மாதத்தில் ஒரு விடியற்காலை அவர் போய்விட்டார். கனத்தையில் தகனம் செய்தோம்.

அடுத்த மாதம் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். கொழும்பில் தங்கத் தக்க காரணம் இல்லாதவர்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட நியாயம். சிகிச்சைக்கு வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தச் செய்தியை எழுதிக்கொண்டிருந்தபோது என் மனத்தில் ஓடியது ஒன்றே: பெரியப்பா தப்பிவிட்டார்.

ஹொஸ்பிஸ் என்ற சொல்லை அன்று நான் அறியாதவன் அல்லன். பத்திரிகையில் மொழிபெயர்த்தும் இருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த லொட்ஜ் அறையில்தான்.

இன்றைய ஹொஸ்பிஸ் இயக்கத்தின் தாய் என்று சிசிலி சோண்டர்ஸைச் சொல்வார்கள். தாதியாகத் தொடங்கி, முதுகுவலியால் அத்தொழிலை விட்டு, வைத்தியசாலைச் சமூக சேவையாளரானவர். 1948இல் லண்டன் வைத்தியசாலையொன்றில் டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைக் கவனித்து வந்தார். போலந்தில் பிறந்த யூதர், வயது நாற்பது, லண்டனில் உற்றார் உறவினர் என்று எவருமில்லை. இறப்பவர்களுக்கென்று ஒரு வீடு இருந்தால் எப்படியிருக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்வார்களாம். அவ்வாண்டு பெப்ரவரியில் டாஸ்மா இறந்தபோது தமது 500 பவுணைச் சோண்டர்ஸுக்கு எழுதி வைத்தார். உமது வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்ற கருத்துப்படச் சொல்லியும் இருந்தார். அந்த ஜன்னலைச் சுற்றிச் சுவர் எழுப்ப 19 ஆண்டுகள் பிடித்தன. தாதி சொல்வதை வைத்தியர்கள் கேட்கமாட்டார்கள் என்பதால் சோண்டர்ஸ் மருத்துவம் படித்து 1957இல் வைத்தியரானார். பின்னர் செயின்ற் ஜோசப்ஸ் ஹொஸ்பிஸில் நோயாளருடன் இருந்து, மோர்பினை வலி வந்த பின் அல்லாமல் வலி வருமுன்னரே, கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காகக் கொடுத்தால் நோயாளி தெளிந்த அறிவுடன் இருக்க முடியும் என்பதைப் பொறுமையாகக் குறித்து வைத்து நிறுவினார். தென் லண்டனில் செயின்ற் கிறிஸ்ரோபர்ஸ் ஹொஸ்பிஸ் 1967இல் திறந்தது. 2005இல் அவர் இறந்ததும் அதே இல்லத்தில்தான். நான்கு மணிநேர மாத்திரையும் ஆறு மணிநேரக் காத்திருப்புமாக நாங்கள் லொட்ஜில் பட்ட பாட்டுக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டிருந்தது என்பதைப் பின்னர் வாசித்தபோது எனக்கு வந்தது துக்கமல்ல, கோபம்.

ஆனால் இங்கிலாந்திலும் இந்த வீடுகளை அரசு நடத்துவதில்லை. பெரியவர்களுக்கான ஹொஸ்பிஸ்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அரசிடமிருந்து வருகிறது. மிகுதி மரணசாசனங்களிலும், பழைய உடுப்பும் புத்தகமும் விற்கும் கடைகளிலும், ஓட்டப் போட்டிகளிலும், ஏலங்களிலும் வருவது. லண்டனில் வாழும் நம்மவர்கள் பலர் அக்கடைகளில் குளிர்ச்சட்டை வாங்கியிருப்பார்கள்; அந்தப் பணம் எங்கே போகிறது என்று பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தவர்கள் சிலரே.

ஏலம் என்பது நமக்குப் புதிதன்று. அச்சொல் போர்த்துக்கேயரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது என்பர் அகராதிக்காரர். சிங்களவர் சொல்லும் 'வெந்தேசி' ஒல்லாந்தர் தந்தது. ஒரே தீவில் ஒரே காரியத்துக்கு ஒரு மொழி ஓர் அந்நியனிடமும் மறுமொழி அடுத்த அந்நியனிடமும் சொல் கடன் வாங்கியிருக்கிறது! ஆங்கிலேயர் இங்கே 1883 ஜூலை 30ஆம் திகதி முதலாவது தேயிலை ஏலத்தை நடத்தினர். அன்றுமுதல் கொழும்பு ஏலத்தின் நகரம் என்று சொன்னால் மிகையாகாது. கையும் குரலுமாக நடந்த அந்த ஏலம் 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, முதன்முறையாக இணையத்துக்கு மாறியது. எத்தனையோ ஆண்டுகளாகப் பேசியும் நடக்காதது சில நாட்களில் நடந்து முடிந்தது.

தர்மத்துக்காக ஏலம் விடுவதும் நாம் கண்டதே. கதர் நிதி திரட்ட 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் வரை போன காந்தியடிகள், மேடையில் தமக்குக் கிடைக்கும் பொருள்களை அங்கேயே ஏலம் கூறிப் பணமாக்குவதை வழக்கமாகக் கொண்டவர். கிறிஸ்தவ ஆலயங்களில் அறுவடைத் திருநாளில் பூசணிக்காயும் வாழைக்குலையும் ஏலம் போகும். முருகன் கோயில்களில் ஒற்றை மாம்பழம் இலட்சக்கணக்கில் விலைபோன செய்தியை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். அந்த மாம்பழத்தை வாங்கியவர் யார் என்பது ஒலிபெருக்கியில் ஊருக்கே தெரியும். தெரிய வேண்டும் என்பதும் விலையில் ஒரு பகுதி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கொடுப்பவனுக்குக் கொஞ்சம் புகழும் கிடைத்தால் பெறுபவனுக்கு என்ன நட்டம்?

இணைய ஏலத்தில் இந்த ஒலிபெருக்கி இல்லை. அமெரிக்காவில் 1995இல் ஈபே நிறுவனத்தைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் முதலில் விற்றது பழுதான லேசர் சுட்டி ஒன்று, 14.83 டொலர் கிடைத்தது. கேட்பவர்கள் முகம் தெரியாதவர்கள், பெயர்கூடப் புனைபெயர். எனினும் கடைசி நிமிடத்தில் பாய்ந்து விழும் பழைய குணம் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் மெழுகுதிரி ஏலம் என்று ஒன்று இருந்தது. ஓர் அங்குல மெழுகுதிரியை ஏற்றி வைப்பார்கள்; சுடர் அணையுமுன் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள். சாமுவேல் பீப்ஸ் தமது நாட்குறிப்பில் 1662இல் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அணையப்போகும் தருணத்தில் புகை கீழ்நோக்கி இறங்கும் என்பதைக் கவனித்து வைத்திருந்து, சரியாக அந்நேரத்தில் விலை கூவிக் கப்பலை வென்ற சமர்த்தர் அவர். இன்று மணிக்கூட்டின் கடைசி நொடிக்காகச் சுட்டெலியில் விரல் வைத்துக் காத்திருப்பவர்கள் அவருடைய வாரிசுகள்.

பொருளின் பெறுமதிக்கும் விலைக்கும் தொடர்பு அறுந்துபோவதுதான் தர்ம ஏலத்தின் சூட்சுமம். சேன் வோர்ன் தமது பச்சைத் தொப்பியை 2020 ஜனவரியில் அவுஸ்திரேலியக் காட்டுத்தீ நிதிக்காக இணையத்தில் ஏலம் விட்டபோது அது 1,007,500 அவுஸ்திரேலிய டொலருக்குப் போனது. வாங்கியது ஒரு வங்கி; ஆகவே ஒலிபெருக்கி அங்கே முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதே ஆண்டு மே மாதத்தில் நடந்தது. பங்களாதேசத்தின் முஷ்பிகுர் ரஹீம் 2013இல் நமது காலி மைதானத்தில் 200 ஓட்டங்கள் எடுத்த மட்டையைக் கொரோனா நிவாரணத்துக்காக ஏலத்தில் வைத்தார். பாகிஸ்தானின் ஷாகித் அப்ரிடி தமது அறக்கட்டளை மூலம் 20,000 டொலருக்கு அதை வாங்கினார். 1971இல் அவ்விரு நாடுகளுக்குமிடையே ஓடிய இரத்தத்தை அறிந்தவர்களுக்கு அந்த மட்டை வெறும் மட்டையன்று.

நம் பக்கத்தில் இந்தப் பணி எப்படி வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல்லாண்டு நிதி சேர்த்து, 1952இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள்தாம். இறப்போருக்கான முதல் ஹொஸ்பிஸ் இந்தியாவில் 1986இல் மும்பாயில் தோன்றியது. சாந்தி அவேத்னா சதன் என்று பெயர். ஆனால் 1985இன் போதைப்பொருள் சட்டம் மோர்பினை வைத்தியசாலைகளிலிருந்தே ஏறக்குறைய விரட்டிவிட்டது. கள்ளக் கடத்தல்காரனைப் பிடிக்க விரித்த வலையில் அகப்பட்டவர்கள் புற்றுநோயாளிகள். அச்சட்டம் திருத்தப்பட 2014 வரை செல்ல வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய சிறு சங்கம் வேறொரு வழியைக் காட்டியது. பெரிய கட்டடம் எழுப்பாமல், அயலவர்களைப் பயிற்றி, நோயாளியின் வீட்டுக்கே போனார்கள். அதற்கான பணத்தின் பெரும்பகுதி மீன் விற்பவரும் பஸ் நடத்துநரும் மாணவரும் கொடுத்த சில்லறை. 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

இலங்கையில் மருத்துவம் இலவசம். அதில் நமக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் இலவச மருத்துவம் என்பது குணமாக்கும் மருத்துவம் என்றே நெடுங்காலம் பொருள்பட்டது. இராஜகிரியவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த விக்டோரியா இல்லத்துக்கு 'தீராநோயாளர் இல்லம்' என்றே ஆங்கிலத்தில் பெயரிட்டிருந்தார்கள். அந்தப் பெயரில் இருக்கும் கைவிரிப்பைக் கவனியுங்கள். மகரகமையில் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் 'சாந்த செவண' போன்ற சில இல்லங்கள் தர்மப் பணத்தில் இயங்கி வருகின்றன. வைத்தியர்களுக்கு இத்துறையில் தனிப் பயிற்சியும் பின்னர் வந்தது. வடக்கிலிருந்து வருவோருக்கு நீண்ட காலம் இருந்த ஒரே திசை மகரகமதான். கைப்பையில் மாத்திரைகளும் பொலிஸ் பதிவுத் துண்டுமாக, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில்.

அந்த நிலையை மாற்றியது ஒரு நடைப்பயணம் என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 2011 ஜூலையில் நேத்தன் சிவகணநாதன், சரிந்த உணம்புவ என்ற இரு நண்பர்கள், ஒருவர் தமிழர் மற்றவர் சிங்களவர், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாட்கள், 670 கிலோமீற்றர் நடப்பதென்று புறப்பட்டனர். 'ட்ரெயில்' என்பது அந்நடையின் பெயர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க இருபது இலட்சம் டொலர் சேர்ப்பது இலக்கு. வழிநெடுகச் சிங்களக் கிராமத்தவர் வந்து உண்டியலில் காசு போட்டார்கள். பணம் சேர்ந்தது, வைத்தியசாலையும் எழுந்தது. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கித் திரும்பி நடந்து காலி, கராப்பிட்டிய வைத்தியசாலைக்கும் பணம் சேர்த்தார்கள்.

ஜூலை என்ற மாதத்தைப் பொரளையோடு சேர்த்து நினைக்கும்போது நம் தலைமுறையினருக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். 1983 ஜூலை 24ஆம் திகதி, திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 படையினரின் இறுதிக் கிரியைக்காகக் கனத்தையில் கூடிய கூட்டத்திலிருந்தே பொரளையில் முதல் தீ புறப்பட்டது. நான் அப்போது பாடசாலை மாணவன். 28 ஆண்டுகளின் பின் அதே மாதத்தில் நடந்த ஒன்று முன்னதை ஈடுசெய்துவிட்டது என்று எழுத என் பேனா ஒருப்படாது. இரண்டும் நடந்தன, இரண்டையும் எழுதி வைப்பது என் தொழில்.

பாக்குவெட்டிக்கு வருவோம். அதை அனுப்பலாமா என்று பெரியம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். எண்பது கடந்தவர், யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். "அந்தச் சனியனைத்தானே ராசா, கொண்டுபோய்க் குடு" என்றவர், சற்றுப் பொறுத்து, "கடைசி மாதத்திலையும் அவர் ஒருத்தருக்கும் தெரியாமல் பாக்குச் சீவிக்கொண்டுதான் இருந்தவர். வாயிலை வைக்கேலாது. சும்மா சீவுவார்" என்றார். அது எனக்குத் தெரியாத செய்தி.

லண்டன் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். நண்பர் கேட்ட நான்கு வரியில் மூன்றை எழுதினேன்: யாழ்ப்பாணத்துப் பித்தளைப் பிடி, இரும்பு அலகு, ஏறத்தாழ அறுபது வருடப் பழமை, வாய்ப் புற்றுநோயால் 2007இல் கொழும்பில், ஒரு விடுதி அறையில் இறந்த விவசாயியுடையது, குடும்பத்தினர் மனமுவந்து தருவது. நான்காவது வரிக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஏலம் ஏழு நாள் நடந்தது. 45 பவுணுக்குப் போனது. ஹொஸ்பிஸ் ஒன்றின் செலவில் அது எத்தனை நிமிடத்துக்குக் காணும் என்று நண்பரிடம் நான் கேட்கவில்லை. இடையில் ஏலத்தில் கலந்துகொண்ட யாரோ ஒருவர், புனைபெயரில், ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: அலகு இன்னும் கூராக இருக்கிறதா? இருக்கிறது என்று பதில் எழுதினேன்.